கீழ்க்காய்நெல்லியும் செங்கண்மாரியும்



ஊரில் ஒரு பிள்ளைக்குக் கண் மஞ்சளானால், பெரியவர்கள் வேலியோரத்தில் கீழ்க்காய்நெல்லியைத் தேடுவர். அதனை வேருடன் பிடுங்கி அரைத்து மோரிற் கரைத்துக் கொடுப்பர். செங்கண்மாரிக்கு இதுவே மருந்து என்பது நம் முன்னோர் வழக்கு.

தோர்ண்டன் ஹீத்தில் வாழும் பெற்றோர் ஒருவர் அண்மையில் நம்மை அணுகினார். அவருக்கு ஹெப்பற்றைற்றிஸ் பி என்னும் வைரசு நோய் உண்டு. “வைத்தியர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீழ்க்காய்நெல்லித் தூளை மட்டும் அருந்தலாமா, மாஸ்ரர்?” என்று வினவினார். அவ்வினாவுக்கு விடை தேடியதே இப்பாடம்.

முதலிற் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம்: கீழ் + காய் + நெல்லி. இலைகளின் கீழே காய்கள் வரிசையாகத் தொங்குவதால் வந்த காரணப்பெயர் இது. நெல்லி மரமும் இச்செடியும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. தாவரவியலார் இதனைப் பிலாந்தஸ் அமாரஸ் என்பர். அமாரஸ் என்பது இலத்தீனிற் கசப்பைக் குறிக்கும்.

இனி, நாம் செய்த தவறொன்றைச் சொல்ல வேண்டும். ஊரில் ஆசிரியப் பணி செய்த காலத்தில், செங்கண்மாரி கண்ட மாணவன் ஒருவனுக்கு இம்மூலிகையைக் கொடுக்கச் சொன்னோம். சில வாரங்களில் அவன் தேறினான். மருந்தே அவனைக் காத்தது என்று வகுப்பிற் பெருமையாகக் கூறினோம். ஆனால் செங்கண்மாரி ஒரு நோயன்று. பல நோய்களின் அறிகுறி. அசுத்தமான நீராலும் உணவாலும் பரவும் ஹெப்பற்றைற்றிஸ் ஏ, பெரும்பாலான பிள்ளைகளில் தானாகவே மாறிவிடும். மூலிகை கொடாவிடினும் அவன் தேறியிருக்கக்கூடும் என்பதை நாம் அன்று எண்ணவில்லை.

ஹெப்பற்றைற்றிஸ் பி வேறு வகையானது. இரத்தத்தின் வழியாகவும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து சேய்க்கும் இது தொற்றும். சிலரது உடலிற் பல்லாண்டு தங்கி, ஈரலைச் சுருக்கி, புற்றுநோய்க்கும் வழிவகுக்கும். இவ்வைரசைக் கண்டறிந்த அமெரிக்க விஞ்ஞானி பாரூக் புளும்பேர்க் 1976 இல் நோபல் பரிசு பெற்றார்.

இதே புளும்பேர்க், சென்னையைச் சேர்ந்த எஸ். பி. தியாகராஜன் முதலியோருடன் சேர்ந்து நம் வேலியோரச் செடியை ஆராய்ந்தார். வைரசு பெருகுவதற்கு உதவும் ஒரு நொதியத்தை அதன் சாறு தடுப்பதை ஆய்வுகூடத்திற் கண்டனர். பின்னர் சென்னையில், வைரசு நீங்காதிருந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு மூலிகைத் தூளும், மற்றப் பிரிவினருக்கு மருந்துச் சத்தற்ற போலி மருந்தும் 30 நாள்கள் கொடுக்கப்பட்டன. தானாகத் தேறியவர் யார், மருந்தால் தேறியவர் யார் எனப் பிரித்தறிய இதுவே வழி. மூலிகை உண்ட 37 பேரில் 22 பேரிடம் வைரசின் மேற்பரப்புப் புரதம் மறைந்தது. மற்றப் பிரிவின் 23 பேரில் ஒருவரிடமே மறைந்தது. 1988 இல் இலண்டனின் ‘லான்செற்’ மருத்துவ இதழ் இதனை வெளியிட்டது.

தமிழர் உள்ளம் பூரித்தது. ஆயினும் ஒரு முறை கிடைத்த முடிவு மீண்டும் கிடைத்தாலன்றி அறிவியல் அதனை ஏற்காது. தாய்லாந்து முதலிய நாடுகளில் நடந்த பரிசோதனைகளில் அத்தகைய பயன் காணப்படவில்லை. பல பரிசோதனைகளை ஒருங்கே ஆராய்ந்த கொக்ரேன் அமைப்பும், நம்பத்தக்க சான்று போதாது என்று 2011 இல் முடிவு கூறியது. ஆய்வுக்கூடக் குழாயில் வைரசைத் தடுக்கும் பொருள், மனித உடலிலும் அவ்வாறே தடுக்கும் என்பதற்கு உறுதியில்லை.

அப்படியாயின் தாவரங்களாற் பயனில்லையா? உண்டு. கடைகளில் நாம் வாங்கும் அன்னாசிப்பூவிலுள்ள சிக்கிமிக் அமிலத்தை மூலப்பொருளாகக் கொண்டு, பல வேதிமாற்றங்களின் பின், ஒசெல்டமிவிர் என்னும் இன்புளுவன்சா மருந்து செய்யப்படுகிறது. ஆனால் அன்னாசிப்பூவைக் கறியிலிட்டால் இன்புளுவன்சா மாறாது.

அந்தப் பெற்றோருக்கு நாம் கூறிய விடை இதுதான்: “மாத்திரையை நிறுத்தாதீர்கள், திடீரென நிறுத்தினால் நோய் சீறி எழக்கூடும். தூள் அருந்துவதாயின் அதனையும் வைத்தியரிடம் மறையாது சொல்லுங்கள்.” பிரித்தானியாவில் 2017 ஆகஸ்ட் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு இந்நோய்த் தடுப்பூசி வழமையாக ஏற்றப்படுகிறது. அதனைத் தவறவிடாதீர்கள்.

மாணவர்களே, முன்னோர் சொன்னதை எள்ளி நகையாடுவதும் அறிவன்று. ஆராயாது நம்புவதும் அறிவன்று. அவர்கள் ஒரு செடியைக் காட்டிச் சென்றனர். அதனைச் சோதித்து அறிவது நம் கடன்.

பயிற்சி

1. கீழ்க்காய்நெல்லி என்பது காரணப்பெயராவது எவ்வாறு?
2. ஒரு பிரிவினருக்குப் போலி மருந்து கொடுக்கப்பட்டது ஏன்?
3. உங்கள் பாட்டி அறிந்த மூலிகை ஒன்றைக் கேட்டறிந்து, அதனைப் பற்றி ஐந்து வசனங்கள் எழுதுக.