கறுப்புக் குடையும் ஒற்றை ஜன்னலும்

ஊட்டியில் கறுப்பு வெள்ளை என்பது ஒரு காலத்தில் பலருக்குச் சோறு போட்ட தொழில். இந்து நகரில் இருந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 1960களில் தொடங்கி கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் செய்து நாடெங்கும் அனுப்பியது. ஆலையை மூடியாயிற்று. ஆனால் நிழல் கனத்த உருவப்படத்துக்கு வேண்டிய முக்கியச் சரக்கு இந்த மலையில் இன்னும் இலவசம்: மூடுபனி வடிகட்டி அனுப்பும் வெளிச்சம். சாஃப்ட்பாக்ஸ் செய்யும் வேலையை மேகமே செய்துவிடுகிறது. அதை வேண்டாத இடங்களில் தடுப்பதுதான் நம் வேலை.

முதலில் அறை. எஸ்டேட் லைன் வீட்டின் முன்னறை போதும், பங்களா தேவையில்லை. ஒரு ஜன்னலை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை அடையுங்கள், டியூப்லைட்டை அணையுங்கள். வடக்கு ஜன்னலில் வெயில் விழாது என்று புத்தகங்கள் சொல்லும். அது ஐரோப்பாவுக்குப் பெரும்பாலும் சரி. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு மே முதல் ஜூலை வரை காலையும் மாலையும் அந்த ஜன்னலிலும் வெயில் சாய்ந்து விழும். மூடுபனி இறங்கிவிட்டால் எந்தத் திசையானாலும் ஒன்றுதான்.

பின்னணிக்குக் கறுப்புக் கம்பளி. சாட்டின், பாலியஸ்டர் துணிகள் பளபளத்துக் காரியத்தைக் கெடுக்கும். கம்பளி வெளிச்சத்தை விழுங்கிவிடும். உட்காருபவரை ஜன்னலிலிருந்து இரண்டு மூன்றடி தள்ளி, ஜன்னல் அவருக்குப் பக்கவாட்டில் வரும்படி உட்கார வையுங்கள். கம்பளி அவருக்குப் பின்னால் ஐந்தாறு அடி தள்ளித் தொங்கட்டும். தூரம் கூடக் கூட வெளிச்சம் வேகமாகக் குறைவதால் பின்னணி தானாகவே கறுத்துவிடும்.

அடுத்தது குடை. நீலகிரியில் குடை இல்லாத வீடு உண்டா? ஜன்னலுக்கு எதிர்ப்பக்கக் கன்னத்தைக் கவனியுங்கள். வெள்ளையடித்த சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அங்கே நிழலை வெளிறச் செய்திருக்கும். கறுப்புக் குடையை விரித்து அந்தக் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். மூக்கோரத்து நிழல் சட்டென்று இறங்கி, தாடை எலும்பு எழும்பி வரும். கண்ணே தெரியாத அளவுக்கு இருண்டால் குடையை ஓரடி பின்னுக்கு இழுங்கள். இரண்டு கண்ணிலும் ஜன்னலின் வெள்ளைப் புள்ளி தெரியவேண்டும். ஒன்றில் இல்லாவிட்டால் முகத்தைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்பச் சொல்லுங்கள்.

கையில் ஒரு பொருள் போதும். என் தேர்வு, ஆவி பறக்கும் தேநீர் டம்ளர். இந்தக் குளிரில் ஆவி தடித்தே எழும். ஆனால் பின்னால் கம்பளி இருந்தால்தான் தெரியும். டம்ளர் ஜன்னல் பக்கம் சற்றுப் பின்தள்ளி இருக்கட்டும். கொழுந்து பறிக்காதவர் முதுகில் கூடையை மாட்டிவிடும் சுற்றுலா வேலை மட்டும் வேண்டாம்.

புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் இங்கிலாந்தில் ஒரு கோழிக் கொட்டகையை ஸ்டுடியோவாக்கி, ஆட்களுக்குச் சால்வை போர்த்திப் படமெடுத்தவர். 1875இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, 1879இல் அங்கேயே இறந்தார். தோட்டத் தொழிலாளர்களையும் படமெடுத்திருக்கிறார். அவருடைய கண்ணாடித் தகடுகளுக்கு நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்கவேண்டும். போட்டோவுக்கென்று வைத்துக்கொண்ட முகம் அதற்குள் களைத்து விலகிவிடும். நமக்கு நொடியில் ஒரு பங்கு போதும் என்றாலும் அந்த நேரத்தைக் கொடுங்கள். கேமராவை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, “பாட்டி, சிரிக்க வேண்டாம், டீ ஆறட்டும், சும்மா இருங்க” என்று சொல்லிக் காத்திருங்கள்.

கேமராவில் ரா கோப்பும், திரையில் மோனோக்ரோமும். ஐ.எஸ்.ஓ. 800, எஃப் 2.8 அல்லது 4, ஷட்டர் 1/125 என்று தொடங்கலாம். இருட்டு நிறைந்த காட்சியைக் கேமரா சாம்பலாக்கவே பார்க்கும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறையுங்கள். செல்போனில் முகத்தைத் தொட்டு, சூரியக் குறியைக் கீழே இழுத்தால் அதேதான்.

படத்தின் குணம் முடிவாவது நிறத்தை நீக்கும்போது. ஆரஞ்சு ஸ்லைடரை ஏற்றினால் தோல் வெளுத்துச் சுருக்கம் மறையும். இறக்கினால் தோல் கறுத்து ஒவ்வொரு கோடும் பேசும். நான் இறக்குகிற கட்சி. சிவப்பில் கவனம் தேவை. தோடர்களின் புத்துக்குளிச் சால்வை போர்த்தியவரை எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தத் தையல், வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும். சிவப்பை மிக ஏற்றினால் அது துணியோடு கரைந்துவிடும். மிக இறக்கினால் கறுப்போடு சேர்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவே சாம்பலாக நிறுத்தினால்தான் கோலம் பிரிந்து தெரியும்.

குளிரிலிருந்து அடுப்பு எரியும் வீட்டுக்குள் நுழைந்ததும் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும். துடைக்காதீர்கள், நுழையும் முன்பே கேமராவைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, அரை மணி நேரம் விடுங்கள். வீடு திரும்பியதும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மழை மாதங்களில் இந்த ஊர் ஈரத்துக்கு லென்ஸில் பூஞ்சை பிடிக்கும்.