மருதனார்மடத்தில் ஒரு வீட்டு விடுதியில் தங்க

யாழ்ப்பாணம் போகிறவர்கள் பெரும்பாலும் நகரத்திலேயே அறை தேடுகிறார்கள். நகரத்தை மட்டும் பார்ப்பதென்றால் அதுவே வசதி. ஆனால் கீரிமலையில் பிதிர்க்கடன் செய்ய வருகிறவர்கள், இராமநாதன் கல்லூரியில் படித்த அம்மம்மாவின் ஊரைத் தேடி வருகிறவர்கள், வலிகாமத்தின் தோட்டங்களையும் கோயில்களையும் ஆறுதலாகப் பார்க்க விரும்புகிறவர்கள் மருதனார்மடத்தில் தங்குவது நல்லது. காங்கேசன்துறை வீதியில், இணுவிலுக்கும் சுன்னாகத்துக்கும் நடுவே, நகரத்திலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீட்டரில் இருக்கிறது. சந்தியில் சந்தையும் ஆஞ்சநேயர் கோயிலும் இருப்பதால் எப்போதும் சனம். ஒரு ஒழுங்கை உள்ளே திரும்பினால் வாழைத்தோட்டமும் செம்மண்ணும்தான்.

இப்படியான ஊரில் தங்க இடம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் குடும்பங்கள். மேல்மாடியையோ பின்பக்கத்து இரண்டு அறைகளையோ விருந்தினருக்கு விட்டுவிட்டு, கீழே தாங்கள் இருப்பார்கள். அங்கே வரவேற்பு மேசையும் இல்லை, இரவு முழுக்க விழித்திருக்கும் காவலாளியும் இல்லை. அந்த வீட்டின் நாள் எப்படி ஓடுகிறது என்று முன்கூட்டியே கேட்டறிந்து, அதற்குள் உங்கள் நாளைப் பொருத்திக்கொண்டால் தங்கல் சுகமாக அமையும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிகள்தான்.

காலத்தைத் தெரிவு செய்யுங்கள்

தை, மாசி மாதங்கள் மிக நல்லவை. மழை ஓய்ந்து, தோட்டங்கள் பச்சையாக இருக்கும், இரவில் மெல்லிய குளிரும் உண்டு. சித்திரை, வைகாசி வெயில் கடுமை. ஆனி, ஆடியில் வெயிலைப் பொறுத்துக்கொண்டால் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கிடைக்கும். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழாக் காலத்தில் அறை கிடைப்பது அரிது. வீட்டுக்காரரின் சொந்தக்காரரே கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்து நிற்பார்கள். அப்போது வரவேண்டுமென்றால் பல மாதங்களுக்கு முன்னரே பேசிவையுங்கள். கார்த்திகை, மார்கழியில் அறை இருக்கும். ஆனால் மழை நாட்கணக்கில் பெய்யும், நுளம்பும் டெங்கும் கூடும்.

எடுத்துப் பேசுங்கள்

இணையத்தில் படம் பார்த்துப் பதிவு செய்தாலும், ஒரு தடவை வீட்டுக்காரருடன் நேரடியாகப் பேசாமல் புறப்படாதீர்கள். வட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவதைவிட அழைப்பது மேல். பேச்சு இப்படித் தொடங்கலாம்:

"அக்கா, நாங்கள் ரெண்டு பேரும் ஒரு பிள்ளையும். வெள்ளிக்கிழமை விடியப்புறம் பஸ்ஸில வந்து இறங்குவம். அஞ்சு மணிக்குக் கேற் திறக்க ஏலுமோ?"

"அதுக்கென்ன, நான் நாலரைக்கே எழும்பிடுவன். கேற்றடியில நிண்டு கோல் எடுங்கோ. நாய் நிக்குது, நீங்களாத் திறந்துகொண்டு வராதேங்கோ."

இந்த இரண்டு வரியிலேயே எத்தனை விடயம் தெரிந்துவிடுகிறது பாருங்கள். கொழும்பிலிருந்து வரும் இரவு பஸ்கள் விடிவதற்கு முன்பே யாழ்ப்பாணம் வந்துவிடுகின்றன. அறைக்குரிய நேரமோ பெரும்பாலும் மத்தியானம். இடைப்பட்ட மணித்தியாலங்களில் குளித்துப் படுக்க இடம் உண்டா, அதற்குத் தனியாகக் காசா என்பதை முதலிலேயே தெளிவாக்குங்கள்.

பிறகு விலை. ஏசி போட்டால் ஒரு விலை, மின்விசிறி மட்டுமென்றால் ஒரு விலை என்று சொல்லும் வீடுகள் பல. காலைச் சாப்பாடு அதற்குள் அடங்குமா என்று கேளுங்கள். குளியலறை அறையோடு இருக்கிறதா, நுளம்பு வலை இருக்கிறதா, வயதானவர் வருகிறார் என்றால் கீழ் அறை கிடைக்குமா என்பதையும் விட்டுவிடாதீர்கள். இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு செய்த இடமா என்று கேட்பதிலும் தப்பில்லை. பதிவு உள்ளவர்கள் அதைச் சந்தோசமாகவே சொல்வார்கள். கடைசியாக, வாசலுக்கு அடையாளம் கேளுங்கள். ஒழுங்கைகளில் வரைபடம் சில வேளை தோட்டத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். எந்தக் கடைக்கு எதிர் ஒழுங்கை, கேற்றின் நிறம் என்ன என்பது போதும்.

வந்து சேருங்கள்

ரயிலில் வந்தால் இணுவில், சுன்னாகம் இரண்டும் அருகில் உள்ள நிலையங்கள். போரில் அழிந்த வடக்குப் பாதை 2015 சனவரியில் மீண்டும் காங்கேசன்துறை வரை திறக்கப்பட்டது. எல்லா ரயிலும் சின்ன நிலையங்களில் நிற்காது என்பதால், புறப்படுமுன் நேரத்தோடு நிறுத்தங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து வருபவர்கள் பலாலி விமான நிலையத்தில் இறங்கலாம். 2019 ஒக்டோபரிலிருந்து அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம். அங்கிருந்து மருதனார்மடம் கிட்டத்தான். வாகனத்தை வீட்டுக்காரரையே பேசிவிடச் சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்த ஓட்டோக்காரர் உங்களுக்காகக் காத்து நிற்பார்.

வாசலில் செருப்பைக் கழற்றுங்கள். செம்மண் ஒட்டிய செருப்பு ஒரு தடவை உள்ளே வந்தால், வீட்டு அம்மா அன்று முழுக்க நிலம் துடைக்க வேண்டியிருக்கும். பாஸ்போட் அல்லது அடையாள அட்டையின் பிரதி கேட்பார்கள், எடுத்து வைத்திருங்கள்.

தண்ணீர்

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தங்கும் மழைநீரையே கிணறுகள் தருகின்றன. குளிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் அதே தண்ணீர்தான். கல் கரைந்த நீர் என்பதால் சவர்க்காரம் நுரைக்காது. கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டும். அது அழுக்கல்ல. அதைப் பார்த்துவிட்டு வீட்டின் சுத்தத்தைச் சந்தேகிக்காதீர்கள்.

குடிக்கும் தண்ணீரைப் பற்றி மட்டும் நேராகக் கேளுங்கள். சுன்னாகம் அனல்மின் நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் நிலையத்தை நடத்திய நிறுவனம் 20 மில்லியன் ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமென்று தீர்ப்பாயிற்று. அதற்குப் பிறகு தண்ணீர் பற்றிய கேள்வி இங்கே யாருக்கும் புண்படுத்தும் கேள்வியல்ல. வடிகட்டியதா, போத்தலா, கொதித்தாறியதா என்று அவர்களே சொல்வார்கள்.

கிணற்றடி இருக்கும் வீடானால், ஒரு நாளாவது அங்கே குளித்துப் பாருங்கள். விடியற்காலையில் கிணற்று நீர் வெதுவெதுப்பாக இருக்கும். முதல் வாளி ஊற்றும்போதே நித்திரை கலைந்துவிடும். வீட்டு ஆட்கள் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் புறப்படும் நேரத்தைத் தவிர்த்து, எத்தனை மணிக்கு வசதி என்று கேட்டுப் போங்கள். கோடை இறுதியில் நீர்மட்டம் இறங்கிவிடும். அப்போது தண்ணீரை அளந்து பாவிப்பதுதான் மரியாதை.

சாப்பாட்டை முதல்நாளே சொல்லுங்கள்

காலையில் புட்டா, இடியப்பமா என்று முதல்நாள் பின்னேரமே சொல்லிவிடுங்கள். தேங்காய் துருவி, சம்பல் இடித்து, சொதி வைத்து எடுக்க ஒரு ஆளின் விடியற்காலை முழுதும் போகும். எழும்பி வந்து "எனக்கு பாண் போதும்" என்று சொல்வது அந்த உழைப்பை வீணாக்கும். உறைப்பு குறைக்க வேண்டுமானால் தயங்காமல் சொல்லுங்கள்.

வீடு சைவமா என்பதை அறிந்துகொள்ளுங்கள். மச்சம் சமைக்கும் வீட்டிலும் வெள்ளிக்கிழமை அது அடுப்பேறாது, கோயிலில் கொடியேறிய நாட்களிலும் அப்படித்தான். வெளியிலிருந்து கொத்துரொட்டியோ பியரோ வாங்கி வருவதற்கு முன் கேளுங்கள். மத்தியானச் சமையலுக்கு மரக்கறி வாங்கிக் கொடுக்க விரும்பினால், காலையில் சந்தைக்கு வீட்டுக்காரரோடு போங்கள். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்த கத்தரிக்காய், கீரைப்பிடி, வாழைக்குலை எல்லாம் அங்கே இருக்கும். எது இன்று பிடுங்கியது என்று அவருக்குத் தெரியும்.

ஊரைப் பாருங்கள்

சைக்கிள் கேளுங்கள், பெரும்பாலும் ஒன்று இருக்கும். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் பெண்களுக்காகத் தொடங்கிய இராமநாதன் கல்லூரி இந்த ஊரில்தான் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இசை, நடனம் கற்பிக்கும் பீடமும் இங்கேதான். பிள்ளைகள் படிக்கும் இடங்கள் என்பதால் அனுமதி இல்லாமல் உள்ளே போய்ப் படம் எடுக்க வேண்டாம். தெற்கே இணுவில், தவில் மேதை தட்சிணாமூர்த்தி (1933–1975) பிறந்த ஊர். அங்கே கோயில் திருவிழா நடக்கிறதா என்று வீட்டாரிடம் விசாரியுங்கள். இரவில் மேளக்கச்சேரி இருந்தால் எப்படியாவது போய்விடுங்கள், ஆனால் திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள். கேற்றைப் பூட்டாமல் யாராவது விழித்திருக்க வேண்டும்.

மேற்கே கந்தரோடைத் தூபிகள் சைக்கிள் தூரம். கீரிமலைக்கு ஓட்டோ பேசி, வழியில் மாவிட்டபுரம் கோயிலையும் கும்பிட்டு, மத்தியான வெயிலுக்கு முன் திரும்பிவிடலாம். கீரிமலைக் கேணியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் உண்டு, மாற்றுடுப்பு கொண்டுபோங்கள். நகரத்துக்குப் பகலில் பஸ் அடிக்கடி ஓடும். இருட்டிய பிறகு குறைந்துவிடும்.

கணக்குத் தீர்த்தல்

இலங்கை ரூபாவில் காசாகக் கொடுப்பதே வீட்டாருக்கு வசதி. அட்டை எடுக்கும் வீடுகள் குறைவு, சுன்னாகத்தில் வங்கிகள் உண்டு. சாப்பாடு, ஓட்டோ, உடுப்புத் தோய்த்தது எல்லாவற்றையும் முதல்நாள் இரவே கேட்டுக் கணக்குப் பாருங்கள். சில அம்மாமார் "அது பரவாயில்லை, விடுங்கோ" என்பார்கள். விடாதீர்கள். அரிசிமாவும் தேங்காயும் காஸும் இன்று விற்கும் விலைக்கு அந்தக் குடும்பம் அதைத் தாங்கத் தேவையில்லை. வேலைக்கு வரும் அக்காவுக்குக் கொடுப்பதை அவர் கையிலேயே கொடுங்கள். இரவு பஸ்ஸில் திரும்புகிறவர்கள், அறையைக் காலையில் ஒழித்துக் கொடுத்தாலும் பைகளை மாலைவரை விறாந்தையில் வைத்துக் குளித்துவிட்டுப் போகலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.