நீர் விலகிய நிலத்தில் ஓர் இரவு

தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரத்திற்குத் தெற்கே ஏரியூர் என்னும் ஊர் உள்ளது. பெயரில் ஏரி இருப்பினும் அதனைச் சூழ்ந்துள்ளது வானம் பார்த்த பூமியே. மழை பெய்தால் கேழ்வரகும் சாமையும் நிலக்கடலையும் விளையும். பொய்த்தால் யாவும் காயும். ஆயினும் அங்கிருந்து நாகமரைக்குச் சென்றால், மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம் பரந்து கிடப்பதைக் காணலாம். நிலம் மேட்டிலும் நீர் பள்ளத்திலும் இருத்தலால் அந்நீர் கரையிலுள்ள காடுகளுக்குத் தானாகப் பாய்வதில்லை. அணையைக் கடந்து, தொலைவிலுள்ள தஞ்சை வயல்களை வளப்படுத்தவே செல்கிறது.

2016-ஆம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டின் கோடையில் 120 அடி வரை நீர் நிற்கும் அத்தேக்கம் வற்றி ஒடுங்கியது. அப்போது ஏரியூரில் வாழ்ந்த மூதாட்டி ஒருவர், “பண்ணவாடி நந்தி வெளியே தெரிகிறதாம். என்னைப் பெற்றவள் பிறந்த மண்ணை ஒரு முறையேனும் மிதித்துவிட்டு வரவேண்டும்” என்றார். மகனுக்குத் தாயின் சொல்லைத் தட்ட மனம் வரவில்லை. பள்ளி விடுமுறை நாளாதலால் பேரனும் பேத்தியும் குதித்தெழுந்தனர்.

சிறு வண்டி ஒன்றில் பாய், போர்வை, தார்ப்பாய், அரிக்கேன் விளக்கு, புளிச்சோறு ஆகியவற்றை ஏற்றினர். மூதாட்டியோ நான்கு குடம் குடிநீரையும் ஏற்றச் சொன்னார். “ஆற்றுக்குப் போகிறவர் தண்ணீர் சுமப்பதா?” என்று பேரன் நகைத்தான். நகைக்கத்தக்கதன்று அது. அமெரிக்க நாட்டின் தென்மேற்குப் பாலைநிலங்களில் குடும்பத்துடன் கூடாரமடித்துத் தங்குவோர், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 4 லிட்டர் நீர் கொண்டுசெல்ல வேண்டும் என்பது அங்குள்ள தேசியப் பூங்காக்களின் அறிவுரை. அதனைப் படியாமலே அறிந்திருந்தார் மூதாட்டி.

சாலையின் இருமருங்கும் கருவேல மரங்களும் காய்ந்த காடுகளுமே தென்பட்டன. நாகமரையில் வண்டியை நிறுத்தி, பரிசல் துறைக்கு நடந்தனர். வழக்கமாக நீர் அலைமோதும் இடத்தில் வண்டல் மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. மூங்கிலால் பின்னிய வட்டப் பரிசல் அவர்களை அக்கரையிலுள்ள பண்ணவாடிக்குக் கொண்டு சேர்த்தது.

நீர்மட்டம் 70 அடியை நெருங்கும்போது தலைகாட்டத் தொடங்கும் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தி, அன்று தரையில் முழுமையாக அமர்ந்திருந்தது. பழைய கிறித்தவத் தேவாலயத்தின் எச்சமும் நின்றது. அணை கட்டும் பணி 1925-இல் தொடங்கி 1934-இல் முடிவுற்றது. நீர் ஏற ஏற, ஆற்றோர ஊர்களின் மக்கள் மேட்டுநிலங்களில் குடியேறினர். கதவு நிலைகளைக்கூடக் கழற்றி வண்டியில் ஏற்றினதாகத் தம் தாய் கூறியதை மூதாட்டி நினைவுகூர்ந்தார்.

“பாட்டி, உங்கள் வீடு எது?” என்றாள் பேத்தி.

மூதாட்டி நாற்புறமும் நோக்கினார். சிதறிய கற்களும் வண்டலுமே இருந்தன. அவர் நெடுநேரம் பேசவில்லை.

அண்மையில் ஓர் உழவர் எள் அறுத்துக்கொண்டிருந்தார். நீர் விலகிய நிலத்தில் எள்ளும் கேழ்வரகும் விதைப்பது அப்பக்கத்தார் வழக்கம். “அறுப்பதற்குள் தண்ணீர் வந்துவிட்டால்?” என்று மகன் கேட்டார். “வந்தால் எனக்கு விதை நட்டம், கீழே ஆயிரம் பேருக்கு நெல் விளையும். வரவேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?” என்று கூறிவிட்டு, உழவர் மீண்டும் குனிந்து அறுக்கலானார்.

மாலையில் பேரன் ஓடை மணலில் பாய் விரித்தான். மணல் மெத்தென்று இருந்தது. அங்கே குடில் அமைத்திருந்த மீனவர் ஒருவர் ஓடிவந்து தடுத்தார். மலைமேல் பெய்யும் மழை, கீழே ஒரு துளியும் விழாத ஓடையிலும் திடீரென வெள்ளமாய் வரும் என்றார். அமெரிக்கப் பாலையிலும் வறண்ட ஓடைகளில் படுக்கலாகாது என்பதே முதல் விதி. அனைவரும் மேட்டிற்கு ஏறி, தார்ப்பாயைக் கட்டினர். பகலெல்லாம் கொதித்த மண் இரவில் மெல்லக் குளிர்ந்தது. விண்மீன்கள் நெருங்கி ஒளிர்ந்தன.

பேத்தி, தான் நூலில் படித்த செய்தியொன்றைக் கூறினாள். கொலராடோ ஆற்றில் ஹூவர் அணை 1935-இல் நிறைவெய்தியது. அதன் நீர் 1938-இல் செயின்ட் தாமஸ் என்னும் சிற்றூரை மூழ்கடித்தது. 1865-இல் தோன்றிய அவ்வூரின் அடித்தளங்கள், இந்நூற்றாண்டின் வறட்சியில் மீண்டும் வெளிப்பட்டன. மக்கள் சென்று பார்த்து வருகின்றனர்.

“அவர்களுக்கும் இப்படித்தானா?” என்றார் மூதாட்டி. சிறிது நேரங்கழித்து, “அங்கே வீட்டின் அடித்தளமாவது அடையாளம் தெரிகிறதே” என்றார்.

விடியற்காலையில் அவர் தனியே நந்தியருகே சென்று நின்றார். ஒரு பிடி மண்ணை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். பேரன் தான் எடுத்து வைத்திருந்த செங்கல் துண்டைப் பையிலிருந்து எடுத்து, இருந்த இடத்திலேயே வைத்தான். அவனை எவரும் கேட்கவில்லை. வெயில் ஏறுமுன் பரிசல் நாகமரையை அடைந்தது.

அவ்வாண்டு முடிவதற்குள் காவிரியில் நீர் பெருகியது. நந்தி மீண்டும் நீருள் மறைந்தது. மூதாட்டி கொணர்ந்த மண், ஏரியூர் வீட்டு முற்றத்து முருங்கையின் அடியில் கலந்திருந்தது.