அளவோடு அச்சேறும் கோடுகள்

நுழையும்முன்

கோடுகளாலும் வளைவுகளாலும் ஆன கணினிப் படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் அதன் தெளிவு குன்றுவதில்லை. எனினும், தெளிவான படமெல்லாம் சரியான அளவில் அமைந்த படம் ஆகிவிடாது. அச்சில் அளவு தவறினால் தாளும் மையும் உழைப்பும் வீணாகும். சில வேளைகளில் பொருளே விற்பனைக்கு உதவாமற்போகும். அச்சுத்தொழிலால் புகழ்பெற்ற சிவகாசியை முன்வைத்து, படத்தின் அளவை முறையாக வரையறுக்கும் நெறியை இப்பாடம் விளக்குகிறது.

கல்லில் தொடங்கிய அச்சு

விருதுநகர் மாவட்டத்தில் அமைந்த சிவகாசி, மழை குறைந்த நிலப்பகுதி. வேளாண்மையை மட்டும் நம்பி வாழ இயலாத இம்மண்ணில் பிறந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் கல்கத்தா சென்று, தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டித் தொழிலைத் தொடர்ந்து பட்டாசுத் தொழிலும் இங்கு வேரூன்றியது. ஒவ்வொரு பெட்டியின்மீதும் ஒட்டுவதற்கு வண்ணச் சீட்டு தேவைப்பட்டது. அத்தேவையே அச்சுத்தொழிலையும் இவ்வூரில் வளர்த்தது.

தொடக்கத்தில் வண்ணச் சீட்டுகள் கல்லச்சு முறையில் அச்சாயின. எண்ணெய்ப்பசையும் நீரும் ஒன்றோடொன்று கலவா என்னும் எளிய உண்மையின் அடிப்படையில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியைச் சேர்ந்த அலாய்ஸ் செனஃபெல்டர் உருவாக்கிய முறை அது. கல்லில் அமைந்த படத்தின் அளவே தாளிலும் பதிந்தது. ஆதலால், படம் பெரிதா சிறிதா என்பதை ஓவியரின் கண்ணே முன்கூட்டி அறிந்தது.

இன்று நிலை வேறு. திரையில் காணும் படத்தின் அளவும் தாளில் பதியும் படத்தின் அளவும் ஒன்றல்ல. திரையில் உள்ளங்கையளவு தோன்றும் சின்னம், தாளில் நகத்தளவாகவும் அமையலாம்.

இருவகைப் படங்கள்

கணினியில் படங்கள் இருவகையாகச் சேமிக்கப்படுகின்றன. முதல்வகை, சிறுசிறு வண்ணக் கட்டங்களால் ஆனது. ஒளிப்படங்கள் இவ்வகையின. கட்டங்களின் எண்ணிக்கை முன்பே முடிவாகிவிடுவதால், அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் கட்டங்கள் கண்ணுக்குத் தெரியும். தரமான அச்சுக்கு ஓர் அங்குலத்தில் 300 கட்டங்கள் இருத்தல் நலம் என்பது அச்சுத்துறையின் பொதுவழக்கு. அவ்வகையில், 600 கட்ட அகலமுள்ள ஒளிப்படத்தை 2 அங்குல அகலத்தில்தான் நிறைவாக அச்சிட இயலும்.

இரண்டாம் வகை வெக்டர் படம். இதில் கட்டங்கள் இல்லை. வரையும் விதிகளே உள்ளன. ‘இப்புள்ளியில் தொடங்கி, இவ்வாறு வளைந்து, அப்புள்ளியில் முடி’ என்பதே அதன் உள்ளடக்கம். வாசலில் இடும் புள்ளிக்கோலத்தை இதற்கு ஒப்பிடலாம். ஏழு புள்ளிக் கோலத்தின் வரிசையும் வளைவும் அறிந்தவர், அதனைச் சிறு பலகையிலும் இடுவார். பெரிய முற்றத்திலும் இடுவார். கோலம் மாறாது, புள்ளிகளுக்கு இடையேயுள்ள தொலைவே மாறும். அத்தொலைவை முடிவு செய்பவர் கோலமிடுபவர். வெக்டர் படத்திலும் அளவை ஒருவர் முடிவு செய்தே ஆக வேண்டும்.

அலகில்லா எண்

அளவுப் பிழைகளுள் பெரும்பாலானவை அலகு குறிக்கப்படாத எண்ணிலிருந்து பிறக்கின்றன. வலைத்தளங்களுக்குரிய எஸ்.வி.ஜி. என்னும் வெக்டர் வடிவத்தில் 96 அலகுகள் ஓர் அங்குலம். அச்சுக்கு அனுப்பப்படும் பி.டி.எஃப். ஆவணத்திலோ இயல்பாக 72 அலகுகள் ஓர் அங்குலம். ஓர் அங்குலம் என்பது 25.4 மில்லிமீட்டர்.

72 அலகுகளை ஓர் அங்குலமாகக் கொண்டு வரைந்த படத்தை, 96 அலகுகளை ஓர் அங்குலமாகக் கொள்ளும் மென்பொருள் ஏற்றால் படம் 75 விழுக்காடாகச் சுருங்கும். மாறாக நேர்ந்தால் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகும். 2017இல் வெளிவந்த இங்க்ஸ்கேப் என்னும் வரைகலை மென்பொருளின் 0.92 பதிப்பு, அங்குலத்துக்கு 90 என்றிருந்த தன் அலகை 96 என மாற்றியது. அதனால், பழைய கோப்புகளைத் திறக்கும்போது அளவைச் சரிசெய்ய வேண்டிய தேவை எழுந்தது.

எனவே, ‘அகலம் 60’ என்று எழுதுவது போதாது. ‘அகலம் 60 மில்லிமீட்டர்’ என்று எழுதுவதே முறை.

சட்டகமும் விகிதமும்

நாள்காட்டியின் படமும் தேதித்தாளும் எல்லாக் கடைகளுக்கும் ஒன்றாக இருக்க, அடியிலுள்ள கடைப்பெயரும் சின்னமும் மட்டும் மாறுவதுண்டு. இத்தகைய பக்கங்களைக் கணினி நிரலே பட்டியலைப் பார்த்து உருவாக்கிவிடும். ஒவ்வொரு பக்கத்தையும் மனிதர் ஒருவர் பார்ப்பதில்லை. ஆகவே, விதியில் நேர்ந்த ஒரு பிழை எல்லாப் படிகளிலும் பரவும்.

சின்னங்கள் ஒரே வடிவின அல்ல. சில நீளமானவை, சில வட்டமானவை. அவற்றை ஒரே சட்டகத்துள் பொருத்துவதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. படம் 400 அலகு அகலமும் 300 அலகு உயரமும் உடையது. சட்டகம் 60 மில்லிமீட்டர் சதுரம் எனக் கொள்வோம்.

அகலத்திற்கு: 60 ÷ 400 = 0.15
உயரத்திற்கு: 60 ÷ 300 = 0.20

இவற்றுள் சிறிய எண்ணையே இரண்டு பக்கங்களுக்கும் கொள்ளல் வேண்டும். அப்போது படம் 60 × 45 மில்லிமீட்டராக அமையும். எஞ்சிய 15 மில்லிமீட்டரை மேலும் கீழும் 7.5 எனப் பகிர்ந்தளிக்கலாம். பெரிய எண்ணைக் கொண்டால் படத்தின் அகலம் 80 மில்லிமீட்டராகிச் சட்டகத்தைக் கடந்துவிடும். இரண்டையும் தனித்தனியே கொண்டால் வட்டம் முட்டை வடிவாகும்.

படத்தைச் சூழ்ந்த வெற்றிடத்தையும் கவனித்தல் வேண்டும். வரைபரப்பின் நடுவே சிறிதாக வரையப்பட்ட சின்னம், கணக்கு சரியாக இருந்தும் தாளில் சிறுத்தே தோன்றும். கோடுவரை ஒட்டி வரைபரப்பை வெட்டிய பின்னரே கணக்கிடுதல் நன்று.

அளவு தவறினால்

பட்டாசுப் பெட்டியில் படம் அழகுக்காக மட்டும் அச்சிடப்படுவதில்லை. பற்றவைக்கும் முறை, எச்சரிக்கை, விலை, பட்டைக்குறியீடு ஆகியனவும் அப்பெட்டியிலேயே இடம்பெறுகின்றன.

13 இலக்கப் பட்டைக்குறியீட்டின் இயல்பளவு, இருபுற வெற்றிடத்துடன் 37.29 மில்லிமீட்டர் அகலம். அதனை 80 விழுக்காடுவரை குறைக்கவும் 200 விழுக்காடுவரை பெருக்கவும் தரவிதி இடமளிக்கிறது. மேற்கூறிய அலகுப் பிழையால் இயல்பளவுக் குறியீடு 75 விழுக்காடானால் அகலம் ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் ஆகும். அது விதியின் கீழெல்லையைவிடக் குறைவு. வெக்டர் படமாதலால் கோடுகள் கூர்மையாகவே தோன்றும். கண்ணால் பிழை காண்பது அரிது. கடையில் கருவி அதனைப் படிக்கத் தவறும்போதுதான் பிழை வெளிப்படும்.

எழுத்தும் அவ்வாறே. பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள், கட்டாய அறிவிப்பின் எழுத்துக்குக் குறைந்தபட்ச உயரத்தை வரையறுக்கின்றன. 1.2 மில்லிமீட்டர் எழுத்து 75 விழுக்காடாகச் சுருங்கினால் 0.9 மில்லிமீட்டரே எஞ்சும். இ, ஞ, ணை போன்ற சுழிமிக்க தமிழெழுத்துகளில் சுழிக்குள் மை நிறைந்து எழுத்தே மயங்கும். ‘கையில் வைத்துக் கொளுத்தாதீர்’ என்னும் எச்சரிக்கை படிக்க இயலாமற்போனால் அதன் இழப்பைத் தாளின் விலையால் அளவிட முடியாது.

தெரிந்து தெளிவோம்

அச்சுக்கு அனுப்பும்முன் நோக்க வேண்டியவை:

• படத்தின் அளவு மில்லிமீட்டரில் குறிக்கப்பட்டுள்ளதா?
• நீள அகல விகிதம் காக்கப்பட்டுள்ளதா?
• படம் சுருங்கும்போது கோடுகள் அளவுக்கு மீறி மெலிகின்றனவா?
• வெட்டும் ஓரம்வரை செல்லும் வண்ணம், ஓரத்தைத் தாண்டி 3 மில்லிமீட்டர் அளவுக்கு நீட்டப்பட்டுள்ளதா?
• சரிபார்ப்புப் படி 100 விழுக்காட்டில் எடுக்கப்பட்டதா? ‘தாளுக்குப் பொருத்துக’ என்னும் தெரிவு இருந்தால் படியே பொய்யளவு காட்டும்.

அளவுகோலின் இடம்

கல்லச்சிலிருந்து ஆஃப்செட்டிற்கும், அதிலிருந்து கணினிவழித் தகடுகளுக்கும் அச்சுக்கலை வளர்ந்துள்ளது. படத்தை வரைவதும் அடுக்குவதும் எளிதாகியுள்ளன. ஆயினும், வாங்குபவர் கையில் சேர்வது திரையன்று, தாளே. ஆகவே, முதற்படியின்மீது அளவுகோலை வைத்து அளந்து பார்க்கும் பழக்கம் கணினிக் காலத்திலும் கைவிடத்தக்கதன்று. எண்ணோடு அலகையும், அழகோடு அளவையும் சேர்த்துக் கருதுபவரே அச்சுக்கலையில் தேர்ந்தவராவார்.

கற்பவை கற்றபின்

1. வீட்டிலுள்ள தீப்பெட்டி ஒன்றின் மேற்சீட்டை அளந்து, அதன் நீள அகல விகிதத்தைக் கண்டறிக.
2. 500 × 200 அலகு கொண்ட சின்னத்தை 50 × 30 மில்லிமீட்டர் சட்டகத்துள் பொருத்தினால் கிடைக்கும் அளவைக் கணக்கிடுக.
3. ‘தெளிவு வேறு, அளவு வேறு’ – பாடத்தின்வழி விளக்குக.