நண்பகலில் லாச்சப்பல்



“இண்டைக்குக் கூப்யூரிலை லாச்சப்பலுக்குப் போனனான்” என்று அப்பா சொல்வதை உங்களுள் பலர் கேட்டிருப்பீர்கள். கூப்யூர் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு ‘வெட்டு’ என்பது பொருள். ஒரு நாள் வேலையை இரண்டாக வெட்டி, நடுவில் ஊதியமின்றி விடப்படும் நேரமே அது. உணவகச் சமையலறையில் பணிபுரிவோருக்கு மதியப் பரிமாறலுக்கும் இரவுப் பரிமாறலுக்கும் இடையில் அந்த வெட்டு விழும். அலுவலகங்களைத் துப்புரவு செய்வோருக்கோ, அலுவலர்கள் வருமுன் விடியற்காலையிலும் அவர்கள் சென்றபின் மாலையிலும் வேலை. பகல் முழுவதும் வெட்டு. புறநகரில் வாழ்பவர் வீடு சென்று திரும்புவதென்றால் அந்நேரம் பயணத்திலேயே கரைந்துவிடும். பனிக்காலத்தில் பூங்கா வாங்கில் எவ்வளவு நேரம் அமர்ந்திருக்க முடியும்?

லாச்சப்பல் அதற்கு வாய்ப்பான இடமாக அமைந்தது. கார் து நோர் புகையிரத நிலையம் அருகில் இருக்கின்றது. இரண்டாம் இலக்க மெத்ரோவும் 1903 முதல் அங்கே பாலத்தின்மேல் செல்கின்றது. புதுச்சேரித் தமிழர் நமக்கு முன்னரே பிரான்சுக்கு வந்தவர்கள். 1983 ஆம் ஆண்டு யூலைக் கலவரத்தின்பின் ஈழத்தமிழரும் பெருந்தொகையாக வந்து சேர, போபூர் சென் தெனி வீதியிலும் அதன் கிளை வீதிகளிலும் நம்மவர் கடைகள் எழுந்தன. மாணிக்க விநாயகர் ஆலயம் 1985 இல் தொடங்கப்பெற்றது.

அங்குள்ள சாப்பாட்டுக் கடையொன்றில் நண்பகலில் சற்று நின்று பாருங்கள். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, சொதி, அப்பளம். விடியற்காலை முதல் “பொன்ஜூர்”, “வூயி ஷெஃப்” என்பவற்றுக்கு மேல் பேசியிராத வாய், “அண்ணை, இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கோ, குழம்பு காணும்” என்று முழு வாக்கியம் பேசுகின்றது. ஊரில் பள்ளி விட்டு வந்து, அடுப்படியில் பலகையில் அமர்ந்து தாய் பரிமாற உண்டவர், இங்கே மணிக்கூட்டைப் பார்த்தபடி உண்கின்றார். சொதி ஊர்ச்சுவையோ என்று கேட்டால், இல்லை என்றே பலரும் சொல்கின்றார்கள். சொல்லிக்கொண்டே இரண்டாந்தரமும் வாங்குகின்றார்கள்.

இனிச் சொற்களைக் காண்போம். வயலில் விளைவது நெல், உமி நீக்கினால் அரிசி, வெந்தால் சோறு. பிரெஞ்சுக்காரர் இம்மூன்றையும் பொதுவாக ‘ரி’ என்றே சொல்லிவிடுவர். மூக்கால் ஒலிக்கும் அவர்களுடைய ‘பான்’ என்ற சொல்லும், ஈழத்தில் நாம் வழங்கும் ‘பாண்’ என்ற சொல்லும் உறவுச் சொற்கள். பாண் போர்த்துக்கேயர் வழியாக நமக்கு வந்தது. இரண்டுக்கும் மூலம் இலத்தீன் மொழியின் ‘பானிஸ்’. தோழனைக் குறிக்கும் ‘கொப்பான்’ என்ற பிரெஞ்சுச் சொல்லிலும் அதே பாண் உண்டு: பாணைப் பகிர்ந்து உண்பவன் என்பது அதன் அடிப்பொருள். (உச்சரிப்பில் கவனம் வேண்டும். ‘கொப்பன்’ என்றால் ஊரில் வேறு பொருள், பாட்டியிடம் கேளுங்கள்!)

“உங்கள் அப்பா பகலில் எங்கே உண்கின்றார்?” என்று ஒருமுறை என் வகுப்பில் கேட்டேன். பெரும்பாலோர் தெரியாது என்றனர். ஒரு சிறுமி, “அப்பா மத்தியானத்திலை சாப்பிடுறவரோ?” என்று வியப்போடு என்னையே திருப்பிக் கேட்டாள். அவள் பொய் சொல்லவில்லை. தந்தை வீடு திரும்பும்போது அவள் உறங்கிவிடுகின்றாள். விழித்திருக்கும் நாட்களில் அவர் “சாப்பிட்டாச்சோ?” என்று கேட்பார், இவள் “வூயி” என்பாள். அவ்வளவில் உரையாடல் முடிந்துவிடும்.

பயிற்சி

1. நெல், அரிசி, சோறு, பாண் ஆகிய சொற்களைத் தனித்தனி வாக்கியங்களில் அமைத்து எழுதுக.

2. வேலைக்குச் செல்லும் அப்பாவிடமோ அம்மாவிடமோ, “மத்தியானம் எங்கை சாப்பிட்டனீங்கள்? ஆரோடை சாப்பிட்டனீங்கள்? என்ன கறி?” என்று தமிழில் கேட்டு, அவர்கள் சொன்னதைப் பத்து வரிகளில் எழுதி, அடுத்த வகுப்புக்குக் கொண்டு வருக. அவர்கள் பத்து வரிகளுக்கு மேல் சொன்னால் அதனையும் எழுதலாம்.