பொருள் பேசும் ஓவியம்

நுழையும்முன்

அடுக்களையில் இருக்கும் செம்பும் மாடத்தில் எரியும் விளக்கும் நாள்தோறும் நம் கண்ணில் படுகின்றன; ஆயினும் நாம் அவற்றை உற்றுநோக்குவதில்லை. எளிய பொருள்களிலும் வாழ்வைக் காணக் கற்பிப்பது நடப்பியல் ஓவியம்.

அன்றைய புதுமை

கனி, மலர், கலம் முதலான அசையாப் பொருள்களை வரைவது பொருளோவியம் ஆகும். இது 17ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் தனிக்கலையாகச் செழித்தது. வில்லெம் கால்ஃப் என்னும் ஓவியர் சீனப் பீங்கானையும் தோலுரித்த எலுமிச்சையையும் கண்ணாடிக் கோப்பையையும் வரைந்தார். இன்று பழமையாகத் தோன்றும் அவற்றுள் பல, கடல் வணிகம் அன்று கொண்டுவந்த புதுமைகளே. அடுத்த நூற்றாண்டில் பிரெஞ்சு ஓவியர் ஷார்தன் (1699–1779) சமையலறைச் செப்புக் கலங்களைக் கலைப்பொருளாக உயர்த்தினார்.

ஒளியும் நிழலும்

பித்தளைக் குடத்தை வரையப் பொன்னிறம் மட்டும் போதாது. ஒருபுறமிருந்து விழும் ஒளி, குடத்தின் வயிற்றில் வெண்புள்ளியாகச் சுடரும், வளைவில் மெல்ல மங்கும், மறுபுறம் நிழலாகும். அந்நிழலிலும் தரையின் நிறம் மங்கலாகத் தெரியும். எண்ணெய் வண்ணம் மெதுவாக உலர்வதால், ஒரு நிறத்தை மற்றொன்றோடு இழைத்து இம்மாற்றங்களைக் காட்ட இயலும்.

தமிழ் மண்ணில்

கும்பகோணத்தை அடுத்த செம்பியவரம்பலில் 1979இல் பிறந்தவர் ஓவியர் இளையராஜா. கும்பகோணம், சென்னை அரசு கவின்கலைக் கல்லூரிகளில் பயின்றவர். அவர் வரைந்தவை பெரும்பாலும் மனித உருவங்களே. எனினும், பொருளோவியத்திற்குரிய நுண்ணோக்கு அவற்றில் நிறைந்துள்ளது. ஐரோப்பியர் வளர்த்த ஒளிநிழல் முறையைக் கொண்டு, கருநிறத் தமிழ்ப் பெண்களையும் அவர்கள் வாழும் எளிய வீடுகளையும் அவர் தீட்டினார். சிவந்த மேனியே அழகு என்னும் எண்ணத்திற்கு அவ்வோவியங்கள் விடையாயின. 2021 ஜூன் 6 அன்று கொரோனாத் தொற்றால் அவர் மறைந்தார்.

தெரிந்து தெளிவோம்

சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி, 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவரால் ஓவியப் பள்ளியாகத் தொடங்கப்பட்டது.

இன்றைய கலம்

மண்பானை, பித்தளைக் குடம் ஆகியவற்றின் இடத்தை இன்று நெகிழிக்குடம் பிடித்துள்ளது. தண்ணீர் லாரிக்காகத் தெருவில் வரிசையாகக் காத்திருக்கும் வண்ணக் குடங்களும் ஒரு பொருளோவியமே. அவற்றின் மீதும் ஒளி விழுகிறது. அவற்றின் பின்னும் மக்களின் வாழ்வு நிற்கிறது. பழைய பொருள்களை மட்டும் வரைவது நடப்பியலன்று. தம் காலத்தைக் கூசாமல் நோக்குவதே நடப்பியல்.

சிந்தனை வினா

உங்கள் வீட்டு வாழ்வை ஒரே பொருளால் உணர்த்த வேண்டுமெனில், எப்பொருளை வரைவீர்கள்? ஏன்?