பிரபுவுக்காக அழலாமா?

கேள்வி: ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை நூலகத்திலிருந்து எடுத்துவந்து படித்தேன். மழையில் நின்ற கங்கா என்ற பெண்ணைக் காரில் ஏற்றிக்கொண்டுபோய்க் கெடுத்தவன் பிரபு. முதலில் அவன்மேல் ஆத்திரமாக வந்தது. போகப்போகப் பாவமாக இருந்தது. கடைசியில் அவன் கங்காவை விட்டு விலகியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் மகள் தினமும் திருத்தணிக்குப் பஸ் ஏறிக் கல்லூரி போய்வருகிறாள். அப்படியிருக்க, இவனுக்காக நான் அழலாமா? புத்தகத்தை மகளிடம் கொடுக்கலாமா?

ஒரு வாசகி, கே.ஜி.கண்டிகை

பதில்: தாராளமாக அழலாம், அம்மா. அழுதுவிட்டதால் அவனை மன்னித்துவிட்டீர்கள் என்று ஆகாது. உங்கள் பக்கம் தெலுங்கும் புழங்குகிறதே, குரஜாட அப்பாராவின் 'கன்யாசுல்கம்' நாடகத்தில் வரும் கிரீசத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வாயாலேயே ஊரை ஏமாற்றுகிற ஆள். 1892-இல் முதலில் மேடையேறிய நாடகம். இன்றுவரை ஜனங்கள் அவனை ரசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதற்காக யாரும் அவனுக்குப் பெண் கொடுக்கப் போவதில்லை.

பிரபு விஷயம் அதைவிடச் சிக்கலானது. அவன் முதலில் வருவது 1966-இல் ஆனந்த விகடனில் வெளியான 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில். அங்கே அவனுக்குப் பெயரே கிடையாது. பெரிய கார், மழையில் நனைகிறவளுக்கு இடம் கொடுக்கிற மரியாதை, இனிக்கப் பேசும் பேச்சு, அவ்வளவுதான். எல்லாம் முடிந்தபிறகு, அந்தப் பெண் அவன் கொடுத்த சூயிங்கத்தோடு வீடு வந்து சேர்கிறாள். அம்மா அவள் தலையில் தண்ணீரைக் கொட்டிக் குளிப்பாட்டுகிறாள். வாயில் மெல்லுவதைத் துப்பச் சொல்கிறாள். நீ சுத்தமாகிவிட்டாய், யாரிடமும் மூச்சு விடாதே என்கிறாள். அந்தச் சூயிங்கத்தைக் கவனியுங்கள். தான் செய்தது என்ன என்பது அவனுக்கு உறைக்கவே இல்லை. குழந்தைக்கு மிட்டாய் கொடுக்கிற மாதிரி அதைக் கொடுத்திருக்கிறான்.

கதை வந்ததும் வாசகர்கள் கொதித்துப்போனார்கள். யார்மேல் தெரியுமா? பெரும்பாலும் அந்த அம்மாமேல்; அப்படி ஓர் அம்மாவைப் படைத்த ஜெயகாந்தன்மேல். காரில் வந்தவனை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை.

சரி, அந்த வாசகர்கள் விரும்புகிற மாதிரியே அம்மா நடந்துகொண்டால் அந்தப் பெண்ணின் கதி என்ன என்று காட்டத்தான் ஜெயகாந்தன் நாவலை எழுதினார். 1972-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல் அது. இதில் அம்மா கூச்சல் போடுகிறாள், எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. அண்ணன் கணேசன் தங்கையை வீட்டைவிட்டு விரட்டுகிறான். வெங்கு மாமா ஆதரித்துப் படிக்கவைக்கிறார். ஆனால் அந்த ஆதரவுக்குள் இருக்கிற ஆசை அருவருப்பானது. நீ எவனுக்கும் மனைவியாக முடியாது, வைப்பாட்டியாகத்தான் இருக்கலாம் என்பது அவருடைய சாஸ்திரம். இந்த இருவரையும் பார்த்துச் சலித்தபிறகுதான் பிரபு நம் முன்னால் வருகிறான். வெங்கு மாமாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் எவனும் கொஞ்சம் நல்லவனாகத்தான் தெரிவான்.

அதுவும் கங்கா சொல்லித்தான் அவன் நமக்குத் தெரியவருகிறான். பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் ஆண்டுக்கணக்கில் தனியாக இருந்தவள் அவள். பெயர் இல்லாமல் இருந்தவனுக்கு இப்போது பெயர் இருக்கிறது, மனைவி பத்மா இருக்கிறாள், வளர்ந்த மகள் மஞ்சு இருக்கிறாள். வசதி இருந்தும் வீட்டில் மதிப்பில்லை, குடிக்கிறான். கங்காவோடு பழகும்போது கண்ணியமாக நடந்துகொள்கிறான். ஊர் அவளை அவனுடைய வைப்பு என்றே நினைக்கிறது, அவளும் நினைத்துவிட்டுப் போகட்டும் என்று விடுகிறாள். அவளுக்கு அவன் ஒருவன்தான் துணை. அவள் கண்ணால் பார்க்கிற உங்களுக்கு அவன்மேல் இரக்கம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் ஒன்று. நீங்கள் அழுத அந்த இடத்தில் எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பிரபு விலகிப்போவதைத் தியாகம் என்று சிலாகிக்கிறவர்கள் உண்டு. நான் அதை ஏற்கமாட்டேன். அன்றைக்கு அவள் விருப்பத்தைக் கேட்காமல் நெருங்கினான். இன்றைக்கும் அவள் விருப்பத்தைக் கேட்காமல் விலகுகிறான். அவள் கெஞ்சியும் கேட்கவில்லை. அவளுக்கு எது நல்லது என்று இரண்டு முறையும் அவனே முடிவு செய்கிறான். அவனுக்கு வந்த துன்பங்களையும் எண்ணிப் பாருங்கள். குடியால் வந்தது, சோம்பலால் வந்தது. அந்த மழைநாளால் அவன் இழந்தது என்ன? கங்கா அம்மாவின் மனசை, வீட்டை, கல்யாணத்தை எல்லாம் அந்த ஒரு சாயங்காலத்தில் இழந்தாள். அவள் தேடிவந்து சொல்லும்வரை அவளுக்கு என்ன ஆயிற்று என்றுகூட அவனுக்குத் தெரியாது.

கதையைப் படித்துவிட்டு, 'அவள் ஏன் கத்தவில்லை?' என்று கேட்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உடம்பால் எதிர்க்கவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதம் என்று கொள்ளக்கூடாது என்று 2013-இல் திருத்தப்பட்ட குற்றவியல் சட்டம் தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்கள் மகள் தலைமுறை இதைத் தெரிந்துகொண்டு படிக்கிற தலைமுறை. பிரபுவை அவள் உங்களைவிடக் கறாராக எடைபோடக்கூடும். போடட்டும், குறுக்கே போகாதீர்கள்.

ஆகவே கட்டாயம் கொடுங்கள். ஒரே ஒரு யோசனை: 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையை முதலில் படிக்கச் சொல்லுங்கள், நாவல் அப்புறம். பீம்சிங் இயக்கி 1977-இல் வந்த படத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது வாங்கிக்கொடுத்த நல்ல படம்தான். ஆனால் பிரபுவாக வரும் ஸ்ரீகாந்தின் முகம் ஒருமுறை மனசில் பதிந்துவிட்டால், அவன்மேல் கோபப்படுவது இன்னும் கஷ்டமாகிவிடும்.